கீமோவுக்கு நடுவே ஒரு கஷாயம்

மருத்துவர் பதில்கள்: இந்த இதழில் மும்பை வாசகர்களின் கடிதங்கள்

கேள்வி: மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் செம்பூரில் வசிக்கிறோம். என் மாமியாருக்கு வயது 58. சில மாதங்களுக்கு முன் அவருடைய இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரியவந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, எட்டுத் தவணைக் கீமோவில் இப்போது மூன்று முடிந்திருக்கின்றன. நான்காவது முடிந்ததும் பேக்லிடாக்சல் என்ற வேறு மருந்துக்கு மாற்றப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நோய் தெரிந்த நாளிலிருந்து உறவினர்கள் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். என் கணவரின் சித்தப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து முள் சீத்தா இலையைக் காயவைத்து அனுப்புகிறார். அதைக் கஷாயம் வைத்து இரு வேளை கொடுக்கிறோம். நாத்தனார் மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை வாங்கித் தந்திருக்கிறார். மாடி வீட்டு அம்மாள் கொடுத்த ஜர்தாலு (ஆப்ரிகாட்) பழத்தின் கசப்பு விதைப்பருப்பைத் தினமும் ஐந்து மெல்லச் சொல்கிறோம். கொரோனா காலத்தில் தொடங்கிய சீந்தில் கஷாயமும் தொடர்கிறது. சர்க்கரை, பால், தயிர், அரிசி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். காலையில் கோதுமைப்புல் சாறு, மதியம் கம்பங்கூழும் பச்சைக் காய்கறியும், இரவில் பழம். நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. டாக்டரிடம் இவை எதையும் சொல்லவில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று அத்தை பயப்படுகிறார். எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும்? இந்த மூன்று மாதத்தில் அவருடைய எடை 61 கிலோவிலிருந்து 55 ஆகியிருக்கிறது.
பெயர் வெளியிட வேண்டாம், செம்பூர்

பதில்: சகோதரி, நீங்கள் கடைசி வரியாக எழுதியிருக்கும் எடைக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். மூன்று மாதத்தில் 6 கிலோ என்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. தானாக, ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே புற்றுநோய் சிகிச்சையில் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வோம். இப்படிக் குறையும் எடையில் கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை கரைந்தவர்களைக் கீமோவின் பக்கவிளைவுகள் அதிகமாக வாட்டும். ரத்த அணுக்கள் மீளத் தாமதமானால் தவணை தள்ளிப்போகும், மருந்தின் அளவைக் குறைக்கவும் நேரிடும். மருந்து என்று நினைத்து நீங்கள் மாற்றியமைத்த உணவே இப்போது சிகிச்சைக்குத் தடையாகிக்கொண்டிருக்கிறது என்பதைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும் 25 முதல் 30 கலோரி வரை ஆற்றலும் நாள்தோறும் வேண்டும். உங்கள் மாமியாரின் எடைக்கு இது 66 முதல் 82 கிராம் புரதம். நீங்கள் எழுதியிருக்கும் புல் சாறு, கூழ், காய்கறி, பழம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தேன். தாராளமாகக் கணக்கிட்டாலும் 25 கிராமைத் தாண்டவில்லை. முட்டையும் மீனும் இல்லாத வீட்டில் பாலையும் தயிரையும் நிறுத்தினால் புரதம் வரும் பெரிய வாசல் ஒன்று அடைபடுகிறது. பாலை நிறுத்தியதால் மார்புக் கட்டி அடங்கியது என்று காட்டிய மருத்துவ ஆய்வு எதையும் நான் கண்டதில்லை.

இந்த அளவைப் பொடி டப்பா எதுவும் வாங்காமல் வீட்டிலேயே எட்டிவிடலாம். நாளுக்கு இரண்டு தம்ளர் பாலில் 13 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு பெரிய கிண்ணம் தயிரில் 6 கிராம். சாம்பாரிலும் கூட்டிலும் அடையிலுமாக நாள் முழுவதற்கும் 60 கிராம் பருப்பு சேர்ந்தால் 14. சப்பாத்திக்குள் 50 கிராம் பனீரை உதிர்த்து வைத்தால் 9. மாலையில் ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டல் 8, ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை 7. மீதியைச் சோறும் இட்லியும் சப்பாத்தியும் பார்த்துக்கொள்ளும். ஒரே வேளையில் தட்டு நிறைய வைத்து வற்புறுத்தாதீர்கள். கீமோ வாரத்தில் அவரால் முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாளிக்கும் வாசனை குமட்டினால் தயிர்ச்சோறு, ஆறவைத்த இட்லி, பருப்புப்பொடி போன்ற சூடில்லாத உணவு இறங்கும். வாய்ப்புண் வந்தால் மிளகாயையும் புளியையும் சில நாள் ஒதுக்குங்கள். சோயா மார்புப் புற்றுநோய்க்கு ஆகாது என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருக்கக்கூடும். ஷாங்காய் நகரில் இந்நோயிலிருந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், சோயா உணவு அதிகம் உண்டவர்களிடையே நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. ஆகவே சோயா உருண்டையையும் டோஃபுவையும் உணவாகச் சேர்க்கலாம். சோயாச் சத்து மாத்திரை வேண்டாம்.

சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி என்ற பேச்சு வெறும் வதந்தி அன்று. புற்றணுக்கள் மற்ற அணுக்களைவிட அதிகமாகக் குளுக்கோஸை விழுங்குகின்றன என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளை ஊசியில் ஏற்றிப் பெட் ஸ்கேன் எடுக்கும்போது கட்டி ஒளிர்ந்து தெரிவதும் இதனால்தான். ஆனால் வாயில் போடும் சர்க்கரையை நிறுத்தினால் கட்டிக்குப் போகும் குளுக்கோஸ் நின்றுவிடாது. மூளைக்கும் ரத்தச் சிவப்பணுக்களுக்கும் குளுக்கோஸ் வேண்டியிருப்பதால், உணவில் வராதபோது கல்லீரல் தசைப் புரதத்தை உடைத்து அதைத் தயாரித்துக்கொள்ளும். கட்டியைப் பட்டினி போடுகிறோம் என்று எண்ணி நோயாளியைப் பட்டினி போடுவதில்தான் இது முடிகிறது. இனிப்பும் குளிர்பானமும் அளவோடு இருக்கட்டும். காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரைக்கும் சோற்றுக்கும் பயப்பட வேண்டாம். அவருக்கு நீரிழிவு இருந்தால் மட்டும் தனிக் கவனம் வேண்டும். கீமோவுடன் தரும் ஸ்டீராய்டு சில நாள் ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும்.

இனி, மருந்தாகக் கொடுப்பவற்றுக்கு வருகிறேன். ஜர்தாலு விதையை இன்றே நிறுத்துங்கள். இதில் யோசிக்க எதுவும் இல்லை. அதிலுள்ள அமிக்டலின் குடலுக்குள் போய்ச் சயனைடாக உடைகிறது. ‘வைட்டமின் பி 17’ என்று பெயர் வைத்து விற்றாலும் அது வைட்டமின் ஆகாது. அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 1982இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் குணமாகவும் இல்லை, அடங்கவும் இல்லை, சிலருடைய ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது. பெரியவர்கள் ஒரு வேளைக்கு மூன்று சிறிய விதைக்கு மேல் தின்றாலே பாதுகாப்பான எல்லையைத் தாண்டிவிடலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்தது. நீங்கள் கொடுப்பது ஐந்து.

முள் சீத்தா இலைச் சாறு சோதனைக்குழாயில் புற்றணுக்களைக் கொல்கிறது என்பது உண்மைதான். சோதனைக்குழாயில் எத்தனையோ பொருள்கள் அதைச் செய்யும். மனித உடலில் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதே கேள்வி. இந்த மரத்திலுள்ள அன்னோனாசின் நரம்பணுக்களைக் கெடுக்கக்கூடியது. கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில், இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடையே நடுக்குவாதம் போன்ற ஒரு நோய் மிகுதியாகக் காணப்படுவதை 1999இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். உங்கள் மாமியாருக்கு இனி ஏறவிருக்கும் பேக்லிடாக்சலும் கைகால் விரல்களை மரத்துப்போகச் செய்யும் மருந்து. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், மரத்துப்போவது எதனால் என்று எந்த மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பழம் எப்போதாவது கிடைத்தால் பழமாக ஒரு துண்டு தின்னட்டும். இலைக் கஷாயம் வேண்டாம்.

மஞ்சளில் நாத்தனார் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. ரசத்திலும் பொரியலிலும் போடும் மஞ்சளை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் மஞ்சள் பொடியில் அதன் வீரியப் பொருளான குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்குதான். மாத்திரை அநேகமாக முழுவதும் குர்குமின். அதோடு மிளகின் பைப்பரின் சேரும்போது குர்குமின் உடலில் ஏறுவது 20 மடங்கு கூடுகிறது என்று 1998இல் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். கடைக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அதே பைப்பரின், கல்லீரல் மற்ற மருந்துகளைக் கையாளும் வேகத்தையும் மாற்றிவிடும் என்பதைச் சொல்வதில்லை. மார்புப் புற்றுநோய்க்குப் பல ஆண்டுகள் தரப்படும் டமாக்ஸிஃபென் மாத்திரையோடு இந்த இரண்டையும் சேர்த்து உட்கொண்டவர்களின் ரத்தத்தில், அம்மருந்தின் வேலை செய்யும் கூறு குறைந்துபோனதை நெதர்லாந்தில் 2019இல் நடந்த ஆய்வு காட்டியது. கல்லீரல் பாதிப்புகளும் பதிவாகியிருக்கின்றன. சமையலறை அளவு வேறு, மாத்திரை அளவு வேறு. கீமோ முடியும்வரை மாத்திரைப் புட்டி அலமாரியில் இருக்கட்டும்.

சீந்திலைப் பற்றி எழுதும்போது நம் நகரத்துச் செய்தி ஒன்றையே சொல்ல வேண்டும். 2020 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே, சீந்தில் உட்கொண்டு கல்லீரல் அழற்சியுடன் வந்த ஆறு நோயாளிகளைப் பற்றி மும்பை மருத்துவர்கள் மறு ஆண்டு கட்டுரை வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்து, அவர்கள் உட்கொண்டது சீந்திலைப் போலவே தோன்றும் வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது. இருக்கலாம்தான். ஆனால் வல்லுநர்களுக்கே எந்தக் கொடி என்று சந்தேகம் வருமானால், பொட்டலத்தில் பொடியாக வாங்கும் நாம் எதை வைத்து அறிவது? கீமோ மருந்துகள் பலவும் கல்லீரல் வழியாகவே கழிபவை. அதற்கு இன்னொரு சுமையை இப்போது ஏற்ற வேண்டாம்.

கோதுமைப்புல் சாற்றில் நஞ்சு இல்லை. அது பச்சையாக இருப்பதுதான் சங்கடம். பெரும்பாலான கீமோவுக்குப் பின் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். மண்ணோடு வளர்ந்து, வேகவைக்காமல் பிழியும் புல்லில் கிருமி இருந்தால் எதிர்க்க ஆளில்லாத நேரம் அது. மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும் முளைக்கீரையை அலசி வேகவைத்து மசித்துக் கொடுத்தால் அதே பச்சைச் சத்து பாதுகாப்பாகப் போய்ச் சேரும். பழங்களை நன்றாகக் கழுவித் தோல் சீவிக் கொடுக்கலாம். தெருக்கடைச் சட்னியும் வெட்டி வைத்த பழமும் கூடாது. அந்த நாள்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், இரவானாலும் எந்தக் கஷாயமும் வைத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீங்கள் கேட்காத இஞ்சியைச் சேர்க்கலாம். கீமோ நோயாளிகள் 576 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், வாந்தி மாத்திரையோடு நாளுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்குக் குமட்டல் குறைந்தது. மாத்திரைக்குப் பதிலாக அன்று, மாத்திரையோடு சேர்த்து.

இவ்வளவு எழுதியதால் மூலிகை என்றாலே எனக்கு ஆகாது என்று எண்ண வேண்டாம். அந்தப் பேக்லிடாக்சலே ஒரு மரப்பட்டையிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் ஒருவகை யூ மரத்தின் பட்டையை 1962இல் சேகரித்தார்கள். எந்த அளவில் கொடுத்தால் கட்டி சுருங்கும், எந்த அளவில் ஆள் தாங்கமாட்டார் என்று பார்த்து அது மருந்தாக அங்கீகாரம் பெற 1992 ஆயிற்று. நம் ஊர் மயானங்களில் பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கியமான மருந்து; அதற்காக அந்த இலையை வீட்டில் அரைத்துக் குடித்தால் நஞ்சாகும். செடி என்ற காரணத்துக்காக நான் எதையும் ஒதுக்குவதில்லை. அளவு தெரியாத செடியை, அளவு தெரிந்த மருந்தோடு கலக்க மாட்டேன்.

மருத்துவரிடம் மறைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் அத்தையின் பயத்துக்கு எங்கள் தரப்பிலும் காரணம் உண்டு. நெரிசலான வெளிநோயாளர் பிரிவில், ‘எல்லாம் சாப்பிடலாம், போங்கள்’ என்று ஒரு வரியில் அனுப்பிவிட்டு, வேறு ஏதாவது கேட்டால் சிடுசிடுக்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். களைத்திருந்த நாள்களில் நானும் அப்படி இருந்திருக்கிறேன். இருந்தாலும் அடுத்த முறை போகும்போது புட்டி, பொட்டலம், இலை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துச் சென்று மேசைமேல் வையுங்கள். கல்லீரல் பரிசோதனையையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு உணவியல் நிபுணரைப் பார்க்கச் சீட்டு கேளுங்கள். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் அவர்கள் இருக்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு. அம்பாசமுத்திரத்துச் சித்தப்பாவின் மனத்தையும் புண்படுத்த வேண்டாம். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் வேறு என்னதான் அனுப்ப முடியும்? இலைக்குப் பதிலாக வேர்க்கடலையும் எள்ளும் பொட்டுக்கடலையும் அனுப்பச் சொல்லுங்கள். அத்தைக்கு இப்போது வேண்டியவை அவைதான்.

கேள்வி: என் அக்காவுக்கு மார்பில் இரண்டாம் நிலைப் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதம் இயற்கை உணவும் மூலிகையும் எடுத்துப் பார்த்துவிட்டு, சரியாகாவிட்டால் அறுவை சிகிச்சை செய்துகொள்கிறேன் என்கிறார். சம்மதிக்கலாமா?
ஒரு தம்பி, சயான்

பதில்: சம்மதிக்காதீர்கள். பரவாத நிலையில் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று முறையை மட்டும் தேர்ந்தவர்களை, சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டு யேல் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பு அபாயம் மொத்தத்தில் இரண்டரை மடங்காகவும், மார்புப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கு மேலாகவும் இருந்தது. ஆறு மாதம் கழித்தும் அந்த உணவு முறை அப்படியே கிடைக்கும். கட்டி இரண்டாம் நிலையிலேயே காத்திருக்கும் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது. அக்காவிடம் இதை வாதமாக்காமல் வரிசையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: முதலில் அறுவை சிகிச்சை, அதன் பிறகு அவர் விரும்பும் கீரையும் சிறுதானியமும். கத்திக்குப் பயமா, மார்பை இழப்பதற்குப் பயமா என்று தனியே கேட்டுப் பாருங்கள். இரண்டாம் நிலையில் பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்ற முடிகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

கேள்வி: எனக்கு வயது 62. சிறுநீரகம் பழுதடைந்திருப்பதாகக் கூறி ஓராண்டாக மருந்து தருகிறார்கள். கிரியாட்டினின் 3.1, சென்ற வாரம் பொட்டாசியம் 5.6 என்று வந்தது. டயாலிசிஸ் தொடங்கவில்லை. தினமும் காலையில் வாழைத்தண்டுச் சாறும் மாலையில் இளநீரும் குடிக்கிறேன். சாதாரண உப்பை நிறுத்தி இந்துப்புக்கு மாறிவிட்டோம். ஊரில் ஒருவர் சூரணம் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், தோம்பிவிலி

பதில்: ஐயா, வாழைத்தண்டு சிறுநீரகத்துக்கு நல்லது என்று நம் வீடுகளில் சொல்வது கல் உண்டானவர்களை மனத்தில் வைத்து. உங்களுக்கு வந்திருப்பது வேறு. பொட்டாசியத்தை வெளியேற்றும் திறனையே உங்கள் சிறுநீரகம் இழந்துகொண்டிருக்கிறது. வாழைத்தண்டிலும் இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. ஒரு பெரிய தம்ளர் இளநீரில் மட்டும் 600 மில்லிகிராம் வரை இருக்கும். இரண்டையும் இன்றோடு விடுங்கள். காய்கறிகளைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. சிறுநீரக நோயாளிகளுக்கு அது விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அளவைக் குறைக்காமல் பெயரை மாற்றுவதால் பயனில்லை. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பது இன்னும் மோசம், அதில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியம். மேலே செம்பூர் அம்மையாருக்கு நான் தாராளமாகச் சொன்ன சுண்டலும் பருப்பும் உங்களுக்குப் பொருந்தாது. டயாலிசிஸ் தொடங்காத நிலையில் புரதத்தைக் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராமுக்குள் வைப்பது வழக்கம். உங்கள் அளவை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும்.

சூரணத்தை வாங்க வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி ஆகிய இரண்டும் நம் மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிவருபவை. அவை சேர்ந்த தாவர இனத்திலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கிவிடும் என்பது, 1990களில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை உட்கொண்ட பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்தபோது உலகுக்குத் தெரியவந்தது. புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதிப்பட்ட பொருள்களின் பட்டியலிலும் இவ்வகைத் தாவரங்கள் இருக்கின்றன. பாதரசமும் ஈயமும் சேரும் பற்பம், செந்தூரங்களும் பழுதடைந்த சிறுநீரகத்துக்கு ஆகாது.

பொட்டாசியத்தை ஒரு வாரத்துக்குள் மறுபடியும் பரிசோதியுங்கள். அதற்குள் கால்கள் தளர்ந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ அந்த ஒரு வாரத்துக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றே போய் இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள்.